புள்ளிகளா, பரிசு அட்டையா: தோட்டப்புறத்திலிருந்து ஒரு கணக்கு

பெரிய தங்குவிடுதிக் குழுமங்கள் தம் உறுப்பினர்களுக்கு அனுப்பும் சலுகை மின்னஞ்சல்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. குறிப்பிட்ட தேதிக்குள் இத்தனை இரவுகள் தங்கினால் ஒரு வெகுமதி உண்டு. அதை, சேர்த்துவைத்துப் பின்னர் இலவச இரவாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகளாகப் பெற்றுக்கொள்கிறீர்களா, பணம்போல் செலவழிக்கும் பரிசு அட்டையாகப் பெற்றுக்கொள்கிறீர்களா? இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை, மாதத்தில் பாதி நாள்களை விமானத்திலும் விடுதியிலும் கழிப்பவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காக எழுதியவை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் வாழும் குடும்பத்திற்கு, புள்ளியையே எடுங்கள் என்னும் அந்தப் பதில் அப்படியே பொருந்தாது என்பதே என் கருத்து.

உரம் விற்கும் தொழிலில் இருப்பதால் செம்பனைத் தோட்ட அலுவலகங்களுக்கும் கோலாலம்பூர், ஜொகூர் பாரு கூட்டங்களுக்கும் நான் போய்வர வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தத் திட்டங்களோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அண்மையில் என் அண்ணன் மகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தனக்கு வந்த அறிவிப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி, "சித்தப்பா, இதில் எதை எடுத்தால் நல்லது?" என்று கேட்டாள். அவளுக்குத் தந்த விளக்கத்தையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் புள்ளி எப்படிச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். மேரியட் பான்வாய், ஹில்டன் ஹானர்ஸ் ஆகிய இரண்டு திட்டங்களிலும் சாதாரண உறுப்பினருக்குப் பெரும்பாலான விடுதிகளில் ஓர் அமெரிக்க டாலர் செலவுக்குப் 10 புள்ளிகள் கிடைக்கின்றன. ஒரு டாலர் 4 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 20 சென் என்று வைத்துக்கொண்டால், வரி நீங்கலாக 420 வெள்ளி வாடகை கொண்ட அறையில் ஓர் இரவு தங்குபவருக்கு 1,000 புள்ளிகள் சேரும். இலவச இரவுக்கு 15,000 புள்ளிகள் கேட்கும் விடுதி ஒன்றில் அவர் தங்க விரும்பினால், அதற்கு முன்பு 6,300 வெள்ளியை வாடகையாகவே செலுத்தியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு இரவு என்று தங்கும் குடும்பத்திற்கு அந்த இலக்கை எட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். சலுகைக் காலக் கூடுதல் புள்ளிகள் இதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும் என்றாலும், காத்திருப்பு நீண்டது என்பதில் மாற்றமில்லை.

அந்தக் காத்திருப்பின்போது புள்ளியின் மதிப்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை. எந்த விடுதிக்கு எத்தனை புள்ளிகள் என்று முன்பு நிலையான பட்டியல்கள் இருந்தன. ஹில்டன் 2017இல் அத்தகைய பட்டியலைக் கைவிட்டது. மேரியட் 2022இல் கைவிட்டது. அதன் பின்னர், அறை வாடகை ஏறும் நாள்களில் கேட்கப்படும் புள்ளிகளும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறுகின்றன. நம் மக்கள் வெளியூரில் தங்க வேண்டிய நாள்களோ தைப்பூசம், பள்ளி விடுமுறை, திருமண முகூர்த்தம் என்று எல்லோரும் ஒரே வேளையில் அறை தேடும் நாள்களாகவே அமைகின்றன. பத்துமலைக்குச் செல்ல வசதியாகக் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் அறை எடுக்க விரும்புபவர் தைப்பூச வாரத்தில் புள்ளிக்கணக்கைத் திறந்து பார்த்தால், சாதாரண நாளில் ஓர் இரவுக்குப் போதுமானதாக இருந்த சேமிப்பு அன்றைக்குப் போதாமல் போகலாம்.

காலாவதியும் ஒரு பெரிய செய்தி. மேரியட், ஹில்டன், ஹயாட் ஆகிய திட்டங்களில் 24 மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளிகள் போய்விடும். ஐஎச்ஜி திட்டத்தில் உயர்நிலை அடையாத உறுப்பினருக்கு அந்தக் காலம் 12 மாதங்கள். அக்கோர் குழுமத்தில் 365 நாள்களுக்குள் ஒரு முறையாவது தங்கியிருக்க வேண்டும். பெஸ்ட் வெஸ்டர்ன் புள்ளிகளுக்குக் காலாவதி கிடையாது. ஆண்டு முழுவதும் பயணம் செய்பவருக்கு இந்த விதிகள் கண்ணில்கூடப் படமாட்டா. மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு ஒருமுறை தங்கி, அடுத்த மூன்று ஆண்டுகள் எங்கும் தங்காமல் இருக்கும் பெற்றோருக்கு இவைதாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

தோட்டங்களின் வரலாற்றில் இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு உண்டு. சுமத்திராவின் புகையிலைத் தோட்டங்களும் வட போர்னியோவின் தோட்டங்களும் ஒரு காலத்தில் காசுக்குப் பதிலாகத் தமக்கென்றே வில்லைகளை அச்சிட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தன. அவற்றைத் தோட்டக் கடையில் மாற்றிக்கொள்ளலாம், வெளியே செல்லாது. அன்று அது உழைத்தவனின் கூலி, இன்று கிடைப்பது நம் செலவுக்கு மேல் தரப்படும் வெகுமதி என்பதால் இரண்டையும் சமமாக வைப்பது நியாயமாகாது. ஆயினும் காசை வெளியிடுபவரே அது செல்லும் கடையையும் நடத்தி, விலையையும் தாமே நிர்ணயிக்கும்போது, அதைக் கையில் நீண்ட காலம் வைத்திருப்பது யாருக்கு நன்மை என்ற கேள்வியைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்காமல் இருக்க முடியாது.

பரிசு அட்டையின் பக்கம் வருவோம். எங்கள் ஊரில் இந்தக் குழுமங்களின் விடுதி ஒன்றுகூட இல்லை. பேரங்காடியிலோ மின்பணப்பையிலோ செல்லும் 50 வெள்ளி அட்டை, அடுத்த வாரமே அரிசியாகவோ பள்ளிக் காலணியாகவோ வீட்டுக்கு வந்துவிடும். அதன் மதிப்பு அட்டையிலேயே எழுதியிருக்கிறது. தைப்பூச வாரம் என்பதற்காகக் குறைவதில்லை. இத்தனை சிறப்பு இருந்தாலும் மூன்று விஷயங்களைப் படித்துப் பார்க்காமல் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்த நாட்டு முகவரி கொண்ட உறுப்பினருக்கு அந்த அட்டை தரப்படுகிறது என்பது ஒன்று: அமெரிக்க உறுப்பினர்களுக்கான டாலர் அட்டைகளின் படத்தைப் பார்த்து இங்கே அதே கிடைக்கும் என்று நம்பிவிடுவது எளிது. அட்டை கடையில் செல்லுமா, அந்த விடுதிக் குழுமத்திலேயே செலவழிக்க வேண்டியதா என்பது மற்றொன்று. பின்னது என்றால் அது வேறு பெயரில் வந்த புள்ளிதான். மூன்றாவது காலாவதித் தேதி. அமெரிக்காவில் 2009இல் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டம், விலைக்கு வாங்கும் பரிசு அட்டைகளின் பணம் ஐந்தாண்டுகளாவது செல்லுபடியாக வேண்டும் என்று விதித்தபோது, வெகுமதியாகத் தரப்படும் அட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பை விரிவுபடுத்தவில்லை. சட்டம் வலுவாக இருக்கும் நாட்டிலேயே நிலைமை அப்படி என்றால், நாம் அட்டையின் நிபந்தனைகளில் அச்சிடப்பட்ட தேதியை மட்டுமே நம்ப வேண்டும்.

இரண்டையும் ஒப்பிடும் கணக்கு கடினமானதன்று. நீங்கள் உண்மையிலேயே தங்கப்போகும் விடுதி, உண்மையிலேயே தங்கப்போகும் தேதி இவற்றை வைத்துக்கொண்டு, வரி உட்பட வாடகை எவ்வளவு என்றும் அதே அறைக்குக் கேட்கப்படும் புள்ளிகள் எத்தனை என்றும் பாருங்கள். தங்கும் அறைகளுக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உயர்ந்திருப்பதால், வரியைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் புள்ளியின் மதிப்பு குறைவாகத் தெரியும். வரியோடு 450 வெள்ளி ஆகும் அறைக்கு 15,000 புள்ளிகள் கேட்டால், ஒரு புள்ளி 3 சென். அப்படியானால் 2,000 கூடுதல் புள்ளிகளின் மதிப்பு 60 வெள்ளி. எதிரே நிற்பது 50 வெள்ளி பரிசு அட்டை. ஏட்டளவில் புள்ளி 10 வெள்ளி கூடுதலாக நிற்கிறது. ஆனால் அந்த 60 வெள்ளி, மீதி 13,000 புள்ளிகளும் உங்களிடம் இருந்தால்தான் கைக்கு வரும். கணக்கில் ஏற்கெனவே 13,000 வைத்திருப்பவர் தயங்காமல் புள்ளியை எடுக்கலாம். கணக்கை இப்போதுதான் தொடங்கியிருப்பவர் அட்டையை எடுத்துக்கொள்வது நல்லது என்பேன்.

அக்கோர் திட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு என்ற நிலையான மதிப்பு இருப்பதால், முழு இரவுக்கான புள்ளிகள் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். எப்போதாவது பயணம் செய்பவருக்கு இது நேர்மையான ஏற்பாடு என்று நான் மதிக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். வெகுமதியை முதலிலேயே பரிசு அட்டையாகப் பெறுவது வேறு, சேர்த்த புள்ளிகளைப் பின்னர் கொடுத்துக் கடை அட்டையாக மாற்றுவது வேறு. முன்னதைத்தான் நான் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். பின்னதில், இலவச இரவாகப் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய மதிப்பில் பெரும்பகுதி பொதுவாகக் கரைந்துபோகிறது. காலாவதி நெருங்கிவிட்டது, பயணம் எதுவும் இல்லை என்ற நிலையில்கூட, கணக்கில் சிறிதளவு புள்ளியைச் சேர்த்தோ செலவழித்தோ மீதியின் ஆயுளை நீட்டிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புள்ளிகளுக்காகப் பேச வேண்டிய இடமும் உண்டு, அதை நான் மனமாரச் சொல்கிறேன். ஹில்டன் திட்டத்தில் ஓர் உறுப்பினர் மேலும் பத்துப் பேரோடு கட்டணமின்றிப் புள்ளிகளை ஒன்றுசேர்த்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் அண்ணன் கோலாலம்பூரிலும், அக்காள் ஜொகூர் பாருவிலும், தம்பி பினாங்கிலும் வேலை பார்த்து, அவரவர் பணி நிமித்தம் ஆங்காங்கே தங்கிவரும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. ஒவ்வொருவர் கணக்கிலும் எதற்கும் உதவாமல் கிடக்கும் சிறு சேமிப்புகளைக் கூட்டினால், பெற்றோர் இருவரையும் பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் உள்ள, ஹில்டன் குழுமத்தின் டபுள்ட்ரீ விடுதியில் இரண்டு நாள் தங்கவைக்க முடியும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்து, பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவுக்கு அந்த இரண்டு நாள்களைப் பேரங்காடி அட்டையால் கொடுக்க இயலாது. பரிசு அட்டை வீட்டுச் செலவில் கரைந்துவிடும். யாரும் அதைச் சேர்த்துவைத்துப் பெற்றோரைக் கடற்கரைக்கு அழைத்துப்போவதில்லை. ஆகவே குடும்பமாகச் சேர்ந்து, எந்த விடுதி, எந்த மாதம் என்று முன்பே முடிவுசெய்தவர்கள் புள்ளியையே எடுக்க வேண்டும்.

புள்ளியால் பதிவுசெய்த அறையை உரிய நேரத்திற்குள் ரத்து செய்தால் பெரும்பாலும் புள்ளிகள் கணக்குக்குத் திரும்பிவிடும் என்பதும் முக்கியமானது. மருத்துவச் சிகிச்சைக்காகப் பினாங்குக்குப் போய்வருபவர்களுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும்; பணம் திரும்பக் கிடைக்காத மலிவு வாடகையில் பதிவுசெய்து தவிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரைத் தங்கவைக்கப் புள்ளியைப் பயன்படுத்துவோர், 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விருந்தினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்கப்படுவதை நினைவில் வைத்து, அது தனியாகக் கட்ட வேண்டியதா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

அண்ணன் மகள் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பயிற்சிக்காகத் தலைநகரில் தங்குகிறாள். கணக்கில் இருப்பது சில நூறு புள்ளிகள். அவளிடம் அட்டையை எடுக்கச் சொன்னேன், அது இங்குள்ள பேரங்காடியில் செல்லும் என்பதை நிபந்தனைகளில் அவளே படித்து உறுதிசெய்த பிறகு. அவள் தேர்வுசெய்யும் முன் இரண்டு விஷயங்களையும் சொல்லிவைத்தேன். அகோடா, புக்கிங் போன்ற இடைத்தளங்களில் பதிவுசெய்தால் பொதுவாகப் புள்ளியும் சேராது, இத்தகைய சலுகைக்கான இரவாகவும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது; குழுமத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோதான் பதிவுசெய்ய வேண்டும். அடுத்து, இந்தத் தேர்வைத் தங்குவதற்கு முன்பே சலுகைப் பக்கத்தில் பதிந்துவிட வேண்டும். விருப்பத்தைத் தெரிவிக்காதவர்களுக்குப் புள்ளிதான் தரப்படும் என்று பல திட்டங்களில் இருப்பதோடு, தங்கி முடித்த பின் மாற்றினால் அந்த மாற்றம் அடுத்த பயணத்துக்கு மட்டுமே செல்லக்கூடும்.