தண்ணி குடிக்கிற பேட்டரி

பாம்பன் பக்கம் படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிற வேலையில் 18 வருடம் ஓடிவிட்டது. அதில் இன்னும் உறுத்துகிற சங்கதி ஒன்று உண்டு. ஒரே சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், ஒரே படகுக்கு இரண்டு வருடத்துக்குள் மூன்று தடவை பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். மூன்று தடவையும் பேட்டரியைத்தான் திட்டினேன்.

அவருடையது விசைப்படகு. எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்திருக்கும். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஜிபிஎஸ், ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ஆளாளுக்கு ஒரு செல்போன் சார்ஜர், எல்லாமே 12 வோல்ட். இதற்கு நான் செய்தது பல ஒயர்மேன்கள் செய்கிற வேலைதான். இரண்டு பேட்டரிக்கும் நடுவே இருக்கிற இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. எல்லாம் பளிச்சென்று எரிந்தது.

ஆறேழு மாதத்தில் சம்மாட்டி வந்து நின்றார்.

"தம்பி, நீ கொடுத்ததுல ஒண்ணு மாடு மாதிரி தண்ணி குடிக்குது. இன்னொண்ணுல சார்ஜே நிக்க மாட்டேங்குது."

"இந்த லாட்டே சரியில்லண்ணே" என்றேன். அடுத்த தடவை, வெயில் என்றேன். வெயிலும் பேட்டரிக்கு எமன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டில் ஒன்று கொதித்து வற்றுகிறது, மற்றொன்று பட்டினி கிடக்கிறது என்றால் காரணம் வெயிலாக இருக்க முடியுமா? அவர் அதைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மூன்றாவது தடவை விஷயம் கடலில் நடந்தது. நடுச்சாமம், மடிவலையைத் தூக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. செல்ஃபைத் தட்டினால் 'டக்' என்கிறது, அவ்வளவுதான். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற காலம், படகைக் கிழக்கே தள்ளும். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கிழக்கே போனால் இலங்கை எல்லைக்கோடு. 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு கச்சத்தீவும் அந்தப் பக்கம்தான். செத்த பேட்டரியோடு அங்கே மிதந்து போனவனிடம் யாரும் காரணம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் தொழில் பார்த்த படகு அணைந்து வந்து பேட்டரி கொடுத்து, எப்படியோ கிளப்பிக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

விடிந்ததும் மல்டிமீட்டரோடு போய் உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 28.2 வோல்ட். டைனமோ சரியாகத்தான் கொடுக்கிறது. வழக்கமாக இதோடு மீட்டரைச் சுருட்டிவிடுவேன். அன்றைக்கு என்னவோ தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 13.2, மற்றதில் 15.0.

அப்போதுதான் உறைத்தது. நான் ஒயர் இழுத்த பேட்டரியிலிருந்து ராத்திரி முழுக்க கரண்ட் போகிறது. டைனமோவோ இரண்டையும் ஒரே பேட்டரியாக நினைத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறது. காலியானது நிறைவதற்குள் மற்றது நிறைந்துவிடுகிறது. நிறைந்த பிறகும் அதற்குள் கரண்ட் போனால் ஆசிட்டில் இருக்கிற தண்ணி வாயுவாகப் பிரிந்து பறந்துவிடும். மாடு மாதிரி தண்ணி குடித்தது அதுதான். காலியான பேட்டரியோ முழுச் சார்ஜையே பார்க்காமல், தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிச் செத்தது. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை அதில் விட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்க வேண்டிய செல்லில் மிதவை 1.240 பக்கம் நிற்கும். இங்கே ஒரு செல்லில் 1.150-க்குக் கீழே அமுங்கிக் கிடந்தது. மூன்று செட் பேட்டரியைக் கொன்றது என் கையால் முறுக்கிய ஒரு முழ ஒயர்.

அன்றே அதை வெட்டிவிட்டு, 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினேன். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும்.

அதற்குப் பிறகு பேட்டரி கேட்டு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, 'எதற்கு?' என்பதுதான். எஞ்சின் கிளப்புகிற பேட்டரியில் தகடு மெல்லிசு, எண்ணிக்கை அதிகம். ஒரு மூச்சில் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிறைய வேண்டும். அதில் விடிய விடிய லைட் எரித்தால் தாங்காது. இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் மெதுவாக நிறைய நேரம் கொடுக்கும், ஆனால் செல்ஃபுக்கு ஆகாது. போதாக்குறைக்கு 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) அளவு என்றால் 50 கிலோவுக்கு மேல், நெட்டைக் குடம் மாதிரி படகில் ஆடும். கட்டிவைக்கத் தெரியாதவர்களுக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. வத்தை என்கிற சின்னப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்புகிறவர்களுக்கு லைட்டும் ஜிபிஎஸ்ஸும் எரிந்தால் போதும். குண்டு பல்பை மாற்றி எல்இடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். 40 வாட் பல்பு மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 10 வாட் எல்இடி ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. இப்போது லித்தியம் கேட்டும் வருகிறார்கள். எடை பாதிகூட இல்லை, நல்ல சாமான்தான். பழைய டைனமோவில் நேராக மாட்டினால் டைனமோ சூடேறிக் கருகும் என்று சொன்னால்தான் முகம் சுருங்குகிறது.

தண்ணி விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். கிணற்றுத் தண்ணி, கேன் தண்ணி என்று கையில் கிடைப்பதை ஊற்றுகிறார்கள். வாய்க்கு ருசியாக இருந்தால் பேட்டரிக்கும் ருசி என்று நினைப்பு! டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. கடல்தண்ணி உள்ளே இறங்கினாலோ இன்னும் மோசம், குளோரின் கிளம்பும். ஒரு தடவை எஞ்சின் ரூமில் குனிந்தவன் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறி இருமிக்கொண்டே மேலே ஓடிவந்தேன்.

'டக்' சத்தத்துக்கு எப்போதும் பேட்டரி காரணமில்லை. டெர்மினலில் உப்பு மாதிரி பூ பூத்திருக்கும், எர்த் ஒயர் இற்றிருக்கும். நாலைந்து தடவை செல்ஃபைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்த பிறகு இணைப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் கோளாறு. சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, தேய்த்து முடுக்கி வாசலின் தடவினால் சரி.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான். பேட்டரியை ஒயரைக்கூடக் கழற்றாமல் படகிலேயே விட்டுவிட்டு, ஜூன் 13-ஆம் தேதி கடை வாசலில் வரிசையாக நிற்பார்கள். அந்தச் சம்மாட்டி மட்டும் இப்போதெல்லாம் ஏப்ரல் மாதமே இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பலகை போட்டு வைத்து மாதாமாதம் சார்ஜ் ஏற்றுகிறார். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய காலத்துப் பேச்சு, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கன்வெர்ட்டருக்கு நான் காசு கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.