நான்கு வார எலெக்டிவுக்கு ஏழு மாத அலைச்சல்

நான் இறுதியாண்டு மருத்துவ மாணவி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் நான்கு வார எலெக்டிவை (மாணவர்கள் தாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் மருத்துவமனைப் பயிற்சி) முடித்துவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. ஆகஸ்டில் கிடைத்த இடம் கைநழுவிப் போய், அக்டோபரில்தான் போக முடிந்தது. அந்த இரண்டு மாதமும் விசாவால் போகவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையாலும் எங்கள் கல்லூரி அலுவலகத்தின் ஒரு மேசையாலும் போயின.

விண்ணப்பம் எளிதாகவே முடிந்தது. இத்தகைய பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் அமெரிக்க இணையதளமான வி.எஸ்.எல்.ஓ.வில் எங்கள் கல்லூரி இல்லாததால், வெளிநாட்டு மாணவர்களை நேரடியாக ஏற்கும் இடங்களுக்கு மார்ச்சில் எழுதினேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இல் தேர்ச்சி பெற்றிருந்தேன். ஏப்ரலில் இடம் கிடைத்தது.

அடுத்து வந்தது அந்த மருத்துவமனை கேட்ட தடுப்பூசிப் படிவம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். முதலாண்டில் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டிருந்தேன், அட்டையும் இருந்தது. ஆனால் அவர்களுக்கு அட்டை போதாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10-ஐத் தொட வேண்டும். எனக்கு 6. மறுபடி ஒரு ஊசி, ஒன்றிரண்டு மாத இடைவெளி, மறுபடி பரிசோதனை. இடையில் எதைச் செய்தும் வேகப்படுத்த முடியாது. ஆகஸ்ட் இடம் அங்கேயே போனது.

காசநோய்ப் பரிசோதனையிலும் தவறு செய்தேன். செலவு குறைவு என்று மான்டு (தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் பரிசோதனை) போட்டேன். 13 மில்லிமீட்டர் தடிப்பு. பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நமக்கு இது வியப்பில்லை, ஆனால் அங்கே ‘பாசிட்டிவ்’ என்றால் கேள்விமேல் கேள்வி. ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது, அதையே முதலில் செய்யுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) போன்ற உயிருள்ள தடுப்பூசி போட வேண்டியிருந்தால், காசநோய்ப் பரிசோதனையை அதே நாளில் செய்துவிடுங்கள். தவறவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சின்னம்மை. ஏழு வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மருத்துவரிடமே போகவில்லை. அதற்கு எங்கிருந்து சான்று வாங்குவது? எதிர்ப்பொருள் பரிசோதனை அதைத் தீர்த்துவைத்தது. முடிவு வந்த அன்று அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

இனி அந்த மேசை. நான் இறுதியாண்டு மாணவிதான், நன்னடத்தை உள்ளவள், இந்த நான்கு வாரத்துக்குக் கல்லூரி அனுமதிக்கிறது என்று முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஒரே பக்கம். மாணவர் பிரிவு எழுத்தர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது நம் படிவம் இல்லையே அம்மா. இதற்கு எப்படிக் கோப்பு போடுவது? இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு நிதானமாகப் போங்களேன்.”

“அப்போது போனால் எலெக்டிவ் கிடைக்காது சார், அப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும்.”

“இரண்டும் ஒன்றுதானே?”

ஒன்றல்ல. இது புரியாததால்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். மாணவராக இருக்கும்போது போனால் மேற்பார்வையில் நோயாளியிடம் வரலாறு கேட்கலாம், தொட்டுப் பரிசோதிக்கலாம். பட்டம் பெற்ற பின் போனால் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்க மட்டுமே அனுமதி. இன்டர்ன்ஷிப் தொடங்கிவிட்டாலே சில இடங்களில் மாணவராக ஏற்பதில்லை. இதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் “நாளை வாருங்கள்” என்றார்.

நான்காம் முறை அவரிடம் போகவில்லை. துறைத் தலைவரின் பரிந்துரையோடு முதல்வருக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதி, படிவத்தை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்துப் பதிவெண் வாங்கினேன். எண் விழுந்த காகிதத்துக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாம் நாள் கையெழுத்து வந்தது! அதைக் கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் செய்யுங்கள்; நாமே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

கையெழுத்து வந்த பிறகும் பெயரில் ஒரு வாரம் போனது. கல்லூரிச் சான்றுகளில் என் பெயருக்கு முன் அப்பாவின் முதலெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக இருக்கிறது. இருவரும் ஒருவர்தானா என்று அங்கிருந்து கேட்டார்கள். பதறிப்போய் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன், பணம் வீண். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கல்லூரிக் கடிதத்தாளில் இரண்டு வரி போதுமாக இருந்தது. முதல் கடிதத்திலேயே இதையும் கேட்டுவிடுங்கள்.

விசா பி1, அதாவது குறுகிய கால அலுவல் வருகைக்கானது. சுற்றுலா என்று சொல்லிவிடு என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். ஊதியமில்லாத எலெக்டிவ் என்று அழைப்புக் கடிதத்தில் தெளிவாக இருந்தது, அதையே சொன்னேன். சென்னையில் ஒரு நாள் கைரேகை, மறுநாள் நேர்காணல், சில நிமிடங்களில் முடிந்தது.

முதல் வாரமே டயாலிசிஸ் நோயாளி ஒருவரிடம் முழு வரலாறும் கேட்டு, பரிசோதித்து, ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் முன் நானே சொன்னேன். அப்போது அந்த எழுத்தரின் “இரண்டும் ஒன்றுதானே” நினைவுக்கு வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்த நான்கு வார வருகைப்பதிவுக்காக அதே அலுவலகத்தில் இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை முதல் நாளே பதிவெண் வாங்கிவிட்டேன்.