தூரம் கூடக் கூட மனசாட்சி மங்கும்: போர் அதிகாரமும் அறுபது நாள் கெடுவும்

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரே ஓர் எண்ணைத்தான். சோதனையாளரின் உத்தரவுப்படி, அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுக்கத் துணிந்தவர்கள் 40 பேரில் 26 பேர், அதாவது 65 சதவீதம். அதிர்ச்சி பொய்யானது என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த எண்கள். பாதிக்கப்படுபவரை அதே அறையில் உட்காரவைத்தபோது கடைசிவரை போனவர்கள் 40 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30 சதவீதம். சிலர் அதிர்ச்சியை நம்பவே இல்லை என்பது உட்பட இந்தச் சோதனைகள் மீது நியாயமான விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் நெருக்கம் கூடக் கூடக் கை தயங்கியது என்பதைத் தள்ளிவிட முடியாது.

வெளியுறவுக் கொள்கை இந்தச் சோதனையின் முதல் வடிவத்தைப் போன்றது. உத்தரவிடுபவர் ஒரு கண்டத்தில், அடிபடுபவர் இன்னொரு கண்டத்தில். அடிபடுபவருக்கு அந்த நாட்டில் ஓட்டும் கிடையாது. ஆக மனசாட்சியும் தடுக்காது, தேர்தலும் தடுக்காது. மிச்சம் இருப்பது சட்டம் ஒன்றுதான்.

அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுடையது. அது கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். வியட்நாம் போருக்கு அறிவிப்பே இல்லை. 1964இல் கீழவையில் 416-0, செனட்டில் 88-2 என நிறைவேறிய, படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தை வைத்தே அது நடந்தது. 1969இல் கம்போடியா மீதான குண்டுவீச்சு காங்கிரஸின் பெரும்பாலான உறுப்பினர்களுக்கே மறைக்கப்பட்டது. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் போர் அதிகாரத் தீர்மானம். அதிபர் நிக்சனின் வீட்டோவை (மறுப்பு அதிகாரத்தை) மீறி 1973 நவம்பர் 7 அன்று அது சட்டமானது.

அதிபர் படைகளைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். அதன்பின் 60 நாளுக்குள் காங்கிரஸ் அனுமதி கிடைக்காவிட்டால் படையைத் திரும்பப் பெற வேண்டும். பத்திரமாக வெளியேற மட்டும் இன்னும் 30 நாள். படிக்க இறுக்கமான சட்டம்தான்.

ஓட்டைகள் வார்த்தைகளில் இருக்கின்றன. கெடு தொடங்குவது 4(ஏ)(1) என்ற உட்பிரிவின் கீழ் வரும் அறிக்கையிலிருந்து. அந்த உட்பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது 1975இல் அதிபர் ஃபோர்டு அனுப்பிய ஓர் அறிக்கை மட்டுமே. கம்போடியா பிடித்துவைத்த மாயகுவெஸ் கப்பலை மீட்கும் நடவடிக்கை அது. காகிதம் வருவதற்குள் வேலையே முடிந்துவிட்டது. மற்ற அதிபர்கள் 'இச்சட்டத்துக்கு இசைவாக' என்று பொதுவாக எழுதி நழுவினார்கள். அறிக்கை தந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே கெடு ஓடும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாள் எது என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றங்கள் முன்வருவதில்லை. உறுப்பினர்கள் போட்ட வழக்குகள் தள்ளுபடியாகியிருக்கின்றன.

மோசமான உதாரணம் லிபியா. அங்கே தாக்குதல் தொடங்கியதை 2011 மார்ச் 21 அன்று அதிபர் ஒபாமா காங்கிரஸுக்குத் தெரிவித்தார். மே 20 அன்று 60 நாள் முடிந்தது, நடவடிக்கை தொடர்ந்தது. ஜூன் மாதம் அரசு வைத்த வாதம்: தரைப்படை இல்லை, எதிர்த்தரப்பு அமெரிக்க வீரர்களைத் திருப்பிச் சுட முடியவில்லை, ஆகவே இது சட்டம் சொல்லும் 'சண்டை'யே அல்ல. மனசாட்சியை மங்கவைத்த அதே தூரம் இங்கே சட்டவிலக்காகவும் ஆகிவிட்டது. கீழே குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களிடம் கேட்டிருந்தால் 'சண்டை' என்பதற்கு வேறு பொருள் கிடைத்திருக்கும்.

இன்னொரு ஓட்டை 1983இல் விழுந்தது. அதிபரின் கையெழுத்து இல்லாமலே படையைத் திரும்பப் பெறச் சொல்ல 1973 சட்டம் காங்கிரஸுக்கு வழி வைத்திருந்தது. சாதா (Chadha) என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஏற்பாடுகள் செல்லாது என்றது. அதனால் இப்போது வீட்டோவைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஏமன் போரிலிருந்து விலகும் தீர்மானம் 2019இல் இரு அவைகளிலும் நிறைவேறியும் டிரம்பின் வீட்டோவில் விழுந்தது. செனட்டில் அதை மீற 53 ஓட்டுதான் கிடைத்தது.

பிரிட்டன் பிடித்த வழி, எல்லாம் முடிந்தபின் விசாரிப்பது. இராக் போர் பற்றிய சில்காட் விசாரணைக் குழு 2009இல் அமைந்தது. அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று சுமார் 26 லட்சம் சொற்களில் எழுதியது. போர் சட்டப்படி சரியா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை. அறிக்கை வெளியான 2016 ஜூலை 6 அன்று, அந்தப் போருக்குப் போன பிரதமர் டோனி பிளேர் பதவியை விட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.