திரும்பி உட்காரும் இருக்கை

2015-இல் லாஸ் வேகாஸ் சி.இ.எஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் மெர்சிடிஸ் காட்டிய எஃப் 015 கான்செப்ட் காரின் (விற்பதற்கல்ல, யோசனையைக் காட்டச் செய்த மாதிரிக் கார்) படங்களை நேற்று ராத்திரி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த நீளம் 5.22 மீட்டர், அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலேயே 3.61 மீட்டர். சக்கரங்களை மூலைக்குத் தள்ளிவிட்டு, கிடைத்த இடத்தையெல்லாம் உட்காருகிறவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கார் தானாக ஓடும்போது முன்னிருக்கை இரண்டும் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும், நாலு பேரும் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி முகம் பார்த்துப் பேசலாம். சரி, எனக்கு ரொம்பப் பிடித்தது, கதவைத் திறந்ததும் இருக்கை 30 டிகிரி வெளியே திரும்பி நிற்பதுதான். முட்டிவலியோடு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அப்புறம், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் எனக்கு ரயிலிலேயே குமட்டும், அதற்கு என்ன வழி வைத்திருந்தார்களோ!