மார்ச்சுலயே தெரியும்

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து இந்தியாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்க கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஏராளம், எங்க வீடும் அதுல ஒண்ணு, அதனால 2009 இலங்கை இறுதிப் போர் எங்களுக்கு வெளிநாட்டு நியூஸ் இல்ல. அந்த மார்ச் 13ம் தேதியே ஐநா மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை, ஜனவரி 20க்கு அப்புறம் 2,800 பொதுமக்களுக்கு மேல செத்திருக்கலாம்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க, அப்போ கொழும்புல இருந்த தூதரகங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எப்படி நம்புறது? போர் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு! ஆனா இலங்கையில இருந்த ஐநா ஆளுங்க சாவு கணக்கு எடுத்தும் அதை வெளியிடலன்னு 2012 நவம்பர்ல வந்த பெட்ரி ரிப்போர்ட், அதுவும் ஐநாவே போட்ட குழு, சொல்லுது. ஐநா பாதுகாப்பு கவுன்சில் இதுக்காக முறையா ஒரு கூட்டம்கூட போடல. பெரியம்மா தினம் ரேடியோ பக்கத்துலயே கெடந்தாங்க. அந்த மாசங்கள்ல கொழும்புல இருந்து டெல்லி, வாஷிங்டன், லண்டனுக்கு போன ரகசிய கேபிள், அதாவது தூதரகங்க அனுப்புன தகவல், எல்லாத்தையும் முழுசா வெளியிடணும்.