அம்மாவின் கவுண்டரில் ஏறிய கழுகுகள்

தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவரைப் பறவை எண்ணக் கூட்டிப் போனால் அவர் பறவையைப் பார்க்க மாட்டார், நம் நோட்டைத்தான் பார்ப்பார். மார்ச் மாதம் ஸ்டெப்பி கழுகுகள் ஹிமாச்சலத்துத் தௌலாதார் மலையோரமாக மத்திய ஆசியாவுக்குத் திரும்பிப் போகும், தரம்சாலாவுக்கு மேலே ஒரு மேட்டில் உட்கார்ந்து எண்ணலாம் என்று தில்லி ஆர்.கே.புரம் நண்பர்களோடு கஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறினால், "வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று அப்பாவும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

காலையில் வெகுநேரம் வானம் காலி. வெயில் ஏறிப் பாறை சூடானால்தான் அனல்காற்று மேலே எழும்பும், அதில் ஏறித்தான் கழுகு சிறகடிக்காமலே உயரம் போகும். "பத்து மணி வரைக்கும் ஸ்டாஃப் வரலைன்னா என்ன ஆபீஸ் இது?" என்றார் அப்பா.

அப்புறம் வந்தன பாருங்கள், ஒன்று, மூன்று, ஒரு பெரிய சுழல்! நான் எண்ண ஆரம்பித்ததும் அப்பா கையைப் பிடித்தார். "சுத்தறதை எண்ணினா ஒண்ணையே நாலு தரம் எழுதுவே." சரியான ஆட்சேபணைதான். சுழலின் உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து மேற்கே வரிசையாகச் சறுக்கிப் போகும், அப்போதுதான் எண்ண வேண்டும். கிழக்கே திரும்பி வந்ததைக் கழிக்க வேண்டும் என்று நண்பர் விளக்கியதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "கேட் பாஸ் முறை! இதைச் சொல்ல வேண்டாமா?"

அதோடு வேலை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. இறக்கைக்கு அடியில் வெள்ளைப் பட்டை இருந்தால் இளசு, நோட்டில் தனிக் கட்டம். இமயத்துப் பாறுக் கழுகு உள்ளூர்க்காரர், சேர்க்காதே. கரும்பருந்து தெரிந்ததும், "நம்ம காசிப்பூர் குப்பைமேட்டு ஆளாச்சே!" என்று கத்தினார். வேடிக்கைக்குச் சொன்னாலும் தப்பில்லை, தில்லியில் குளிர்காலம் கழிக்கிற பருந்துகளில் கருவி மாட்டி அனுப்பியவை காரகோர மலையைத் தாண்டி கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் போயிருக்கின்றன.

இதற்கு நடுவில் நண்பர் விரலால் அழுத்தி எண்ணுகிற கவுண்டர் மக்கர் பண்ண, அப்பா ஸ்வெட்டர் பையிலிருந்து நீல நிறத்தில் ஒன்றை எடுத்து விரலில் மாட்டினார். அம்மா ராம நாமம் எண்ணுகிற கவுண்டர்! பூஜை அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்திருக்கிறார். "ரீசெட் பண்ணலே, ஓபனிங் பாலன்ஸ் எழுதிக்கிட்டேன்" என்று ஒரு சீட்டைக் காட்டி, அதைப் புளியோதரைப் பையில் பத்திரப்படுத்தினார்.

பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது மத்தியானம்.

கவுண்டரில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண், அதில் ராமர் எத்தனை, கழுகு எத்தனை, யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டோம். "அங்கேயா இருக்கு? காலையிலேர்ந்து வீட்டையே தலைகீழாப் புரட்டிண்டிருக்கேன்" என்று ஆரம்பித்த அம்மா, ஓய்ந்தபின் காலண்டரைப் புரட்டி எண்ணைச் சொன்னாள். தினமும் அதில் குறித்து வைப்பாளாம். அப்பா கழித்துப் பார்த்து, "டேலி ஆயிடுத்து!" என்று குதிக்காத குறை.

ஆனால் அம்மா போனை வைக்கவில்லை. கவுண்டர் எவ்வளவு கழுகு காட்டுகிறதோ அவ்வளவு ராம நாமம் அப்பாவே உட்கார்ந்து சொல்லி ஈடு கட்ட வேண்டுமாம்.

"அத்தனை இல்லே, கடைசியா வந்ததுல ரெண்டு பருந்து" என்று பேரம் ஆரம்பித்தார் அப்பா.