காது கேளாத தங்கையின் போலீஸ் புகார்: முதல் வாக்குமூலத்திலேயே உஷாராக இருங்கள்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேலை முடிந்து வரும் வழியில் ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தவறாக நடந்துகொண்டான். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, எழுதிக்கிறோம்" என்றார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். "அக்கா நீங்க இருக்கும்போது அவர் எதுக்கு?" என்றார் எழுத்தர். எழுதி முடித்த தாளில் இழுத்ததைக் காணோம், 'கேலி செய்தார்' என்று மட்டும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள், கையெழுத்துப் போட மறுத்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு அதட்டலுக்கு நடுவில் எப்படி நின்றாளோ!

அவள் மறுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் புரிந்தது. முதலில் எழுதுவதுதான் கோர்ட் வரை கூடவே வரும். விட்டுப்போனதைப் பின்னால் சொன்னால், புதிதாகச் சேர்த்த கதை என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். வீட்டு ஆள் மொழிபெயர்த்தால், சொல்லிக்கொடுத்தது என்பார்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 173(1) பிரிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாலியல் அத்துமீறல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோதான் புகாரைப் பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உடன் இருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். இந்தக் குற்றங்களில் பெண்ணின் புகாரைப் பெண் போலீஸோ வேறு பெண் அதிகாரியோதான் எழுத வேண்டும். வாயால் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

எங்களுக்கு வழிகாட்டியது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். அவர் சொன்னபடி 173(4)-ன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். அப்புறம் காட்சியே மாறியது. பெண் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார், கூடவே காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரும் வந்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல். பேசுவது ஆசிரியைதானே என்று, படம் எடுத்த காவலர் போனை அவர் பக்கமே பிடித்திருந்தார். தங்கையின் கைகள் படத்திலேயே இல்லை! அவள் சொன்னதற்குச் சாட்சியே அந்தக் கைகள்தான். நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரின் முகமும் கைகளும் தெரியும்படி மறுபடி எடுக்கவைத்தோம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவும் விடாதீர்கள், முகம் இருட்டடித்துவிடும், சைகையில் முகபாவமும் பேச்சுதான். கையெழுத்துக்கு முன் எழுதியதை வரிவரியாகச் சைகையில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இந்த முறை இழுத்ததும் தாளில் ஏறியது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் சிக்கலில்லாமல் முடிந்தது. அதே சட்டத்தின் 183-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளியின் அந்த வாக்குமூலமே முதல் விசாரணையாக எடுத்துக்கொள்ளப்படும். சாட்சிக்கூண்டில் எல்லாவற்றையும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை மட்டும்தான். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இழப்பீட்டு மனுவையும் அதே ஆணைக்குழுவில் கொடுத்திருக்கிறோம். குறுக்கு விசாரணைக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் இப்போதே மனு போட்டுவிட்டார், வாய்தா அன்று போய்க் கேட்டால் ஆள் கிடைக்காது.